உண்டியல் சில்லறையில் அரிய நாணயம்: தேடும் முறை என்ன?

கேள்வி: எங்கள் தொண்டு அமைப்பு பொது இடங்களில் சில்லறைப் பெட்டிகள் வைத்திருக்கிறது. மாதக் கடைசியில் திறந்தால் பல நாட்டு நாணயங்கள் கலந்து கிடக்கின்றன. சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்கக்கூடியவை இருந்தால் அமைப்புக்குக் கூடுதல் வருமானம் என்று தேடத் தொடங்கியிருக்கிறோம். எப்படித் தேடுவது, எதைத் தனியே எடுத்துவைப்பது? இதுவரை 1943 என்று ஆண்டு போட்ட, செம்பு நிற அமெரிக்க சென்ட் ஒன்றும், ஓரத்தில் பிறை வடிவில் குறைபட்ட நாணயம் ஒன்றும் கிடைத்துள்ளன. கறுத்துப்போன சிலவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கியும் வைத்திருக்கிறோம். தன்னார்வலர் ஒருவர், "எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு அதே மதிப்புக்கு வேறு காசு போட்டுவிடுகிறேன்" என்கிறார். அனுமதிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுமதிக்கக் கூடாது. பெட்டிக்குள் விழுந்த காசு அமைப்பின் சொத்து. அதன் முகமதிப்பு மட்டுமல்ல, சந்தையில் அதற்கு என்ன கிடைக்குமோ அதுவும் அமைப்புக்கே சேர வேண்டியது. ஒரு கால் டாலரை எடுத்துக்கொண்டு இன்னொரு கால் டாலரைப் போட்டால் கணக்கு நேராகத்தான் இருக்கும். ஆனால் எடுத்தது 1964 அல்லது அதற்கு முந்தைய ஆண்டு நாணயமாக இருந்தால், 5.6 கிராம் சுத்த வெள்ளி சத்தமில்லாமல் வெளியே போயிருக்கும். தன்னார்வலர் ஆசைப்படுவதில் தவறில்லை. அவர் வாங்கலாம்: தேடலில் சம்பந்தப்படாத ஒருவர் மதிப்பிட்ட விலைக்கு, நிர்வாகக் குழு எழுத்தில் சம்மதித்த பிறகு, ரசீதோடு. தேடுகிறவரே விலை சொல்லி அவரே வாங்குவது எந்த நிலையிலும் வேண்டாம்.

இதே காரணத்துக்காகத்தான் எண்ணிக்கை முதலில், தேடல் பிறகு. பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டும். பெட்டி எண், திறந்த தேதி, நாடு வாரியாக, மதிப்பு வாரியாக எத்தனை நாணயம் என்று பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே பூதக்கண்ணாடி வெளியே வரலாம். தேடலில் ஒரு நாணயத்தைத் தனியே எடுத்தால் அதற்கு ஒரு வரி: நாடு, மதிப்பு, ஆண்டு, எடை, இரு பக்கப் படம், உறை எண். வங்கியில் கட்டவேண்டிய உள்நாட்டுக் காசிலிருந்து எடுத்தால், கட்டும் தொகை அவ்வளவு குறைகிறது என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள். தணிக்கையாளர் கேட்கும்போது நினைவிலிருந்து பதில் சொல்ல முடியாது.

எண்ணும் இயந்திரம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. கொட்டுவதற்கு முன் காசை மேசையில் பரப்பி, நிறமோ அளவோ வித்தியாசமாகத் தெரிபவற்றைக் கையால் எடுத்துவிடுங்கள். இயந்திரத்துக்குள் அவை ஒன்றோடொன்று இடித்து வடுப்படும். ஓட்டி முடித்ததும், இயந்திரம் ஏற்காமல் தள்ளிய தட்டை முதலில் பாருங்கள். எடையும் உலோகமும் பொருந்தாததைத்தான் அது தள்ளுகிறது. வெள்ளி நாணயமும் வெளிநாட்டு நாணயமும் பெரும்பாலும் அங்கேதான் வந்து விழும்.

தேடுவது வீண் வேலையா என்றால், இல்லை. கடைக் கல்லாவில் சுற்றும் காசைப் பல கண்கள் ஏற்கெனவே சலித்திருக்கும். நன்கொடைப் பெட்டிக்கு வருவது வேறு வகைக் காசு. மேசை இழுப்பறையில், பழைய பணப்பையில், பயணம் போன பெட்டியின் அடியில் பல ஆண்டு கிடந்தது, வீட்டை ஒழிக்கும்போது மொத்தமாக வந்து சேர்கிறது. பழையதும் அயல்நாட்டதும் அதில் கூடுதலாக இருப்பது அதனால்தான். அதற்காகப் பெட்டிக்குப் பெட்டி புதையல் இருக்கும் என்று நம்பி ஆட்களின் நேரத்தைக் கரைக்காதீர்கள். பல பெட்டிகளில் ஒன்றுமே இருக்காது.

கருவிகள் அதிகம் வேண்டாம். 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, 5 மடங்கும் 10 மடங்கும் பெரிதாக்கும் இரண்டு லூப்கள், சாதாரணக் காந்தம் ஒன்று, சாய்த்து வைக்கக்கூடிய எல்.இ.டி. மேசை விளக்கு, மேசையில் விரிக்க மென்மையான துணி. சக்திமிக்க நியோடிமியம் காந்தம் நாணயத்தைப் பாய்ந்து இழுத்துக் கீறிவிடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் துணியில் சுற்றிப் பிடியுங்கள். ஒரு சுற்றுக்கு 200 நாணயம் போதும். அதற்கு மேல் கண் சோர்ந்து, ஆண்டைப் பார்த்தும் பதியாமல் போகும். நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். முகப்பில் பதியும் விரல் ரேகை, செம்பிலும் வெள்ளியிலும் சில மாதத்தில் நிரந்தரக் கறையாகிவிடும்.

நாடு, மதிப்பு என்று பிரித்ததும் காந்தம். வெள்ளி, செம்பு, வெண்கலம், செம்பு-நிக்கல் கலவை ஆகியவை ஒட்டாது. எஃகும் சுத்த நிக்கலும் ஒட்டும். கனடாவின் 1968ஆம் ஆண்டு 10 சென்ட், 25 சென்ட் நாணயங்களில் இது அழகாக வேலை செய்யும். அந்த ஆண்டு பாதி வெள்ளி கலந்ததும் வந்தது, சுத்த நிக்கலும் வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காந்தத்தில் ஒட்டாதது வெள்ளி. இந்தியாவில் 1945 வரையிலான ரூபாய் வெள்ளி, ஒட்டாது. புலி பொறித்த 1947 ரூபாய் நிக்கல், ஒட்டும். பிரிட்டனின் 1 பென்னி, 2 பென்ஸ் காசுகள் 1992 வரை வெண்கலம், அதன் பிறகு பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய எஃகு. ஒட்டுவதெல்லாம் குப்பை, ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காந்தம் குவியலை இரண்டாகப் பிரிக்கும், அவ்வளவே.

அடுத்தது ஆண்டு. உண்டியல் தேடலில் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் பல நாடுகள் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு உள்ளே உலோகத்தை மட்டும் மாற்றின. கீழே சொல்வதை ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்.

அமெரிக்கா: 10 சென்ட், கால் டாலர், அரை டாலர் மூன்றும் 1964 வரை 90 சதவீத வெள்ளி. அரை டாலர் மட்டும் 1965 முதல் 1970 வரை 40 சதவீதம். 5 சென்ட்டில் 1942இன் பிற்பகுதியிலிருந்து 1945 வரை 35 சதவீத வெள்ளி உண்டு. பின்பக்கத்தில் கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேலே பெரிதாக பி, டி அல்லது எஸ் எழுத்து இருப்பது அடையாளம்.

பிரிட்டன்: ஷில்லிங், புளோரின் (2 ஷில்லிங்) போன்ற பழைய காசுகள் 1920க்கு முன் 92.5 சதவீதம், 1920 முதல் 1946 வரை 50 சதவீதம், 1947 முதல் வெள்ளியே இல்லை.

ஆஸ்திரேலியா: ஷில்லிங், புளோரின் போன்றவை 1945 வரை 92.5 சதவீதம், 1946 முதல் 1964 வரை 50 சதவீதம். 1966இல் வந்த வட்டமான 50 சென்ட் 80 சதவீத வெள்ளி. பின்னால் வந்த பன்னிரண்டு பக்க 50 சென்ட்டில் கிடையாது.

இந்தியா: ரூபாய் 11.66 கிராம்; 1939 வரை 91.7 சதவீதம், 1940 முதல் 1945 வரை 50 சதவீதம்.

ஜெர்மனி: 5 மார்க் 1951 முதல் 1974 வரை 11.2 கிராம், 62.5 சதவீதம்.

ஜப்பான்: 100 யென் 1957 முதல் 1966 வரை 60 சதவீதம்.

சுவிட்சர்லாந்து: அரை பிராங்க், 1 பிராங்க், 2 பிராங்க் 1967 வரை 83.5 சதவீதம்.

சுவிஸ் பிராங்க்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1967 நாணயத்தையும் 1969 நாணயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதே நிற்கும் பெண்ணுருவம், அதே மாலை, அதே அளவு. தராசில் வைத்தால் 1 பிராங்க் வெள்ளி 5 கிராம், செம்பு-நிக்கல் 4.4 கிராம். தேய்ந்து ஆண்டு மங்கிய நாணயத்தைக்கூட இப்படிப் பிரித்துவிடலாம். அமெரிக்கக் கால் டாலரும் அப்படியே: வெள்ளி 6.25 கிராம், பிந்தையது 5.67 கிராம். கால் டாலர்களை வரிசையாக நிறுத்தி விளிம்பைப் பார்த்தால் பிந்தையவற்றில் செம்புக் கோடு தெரியும், வெள்ளியில் தெரியாது. ஆனால் எடை எங்கும் காட்டிக்கொடுக்கும் என்று நம்பக் கூடாது. 1946 ஷில்லிங்கும் 1947 ஷில்லிங்கும் ஒரே எடை, இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. ஜப்பானின் 100 யென்னும் 1966க்கு முன்னும் பின்னும் 4.8 கிராமேதான். அங்கெல்லாம் ஆண்டு ஒன்றே துணை.

ஆண்டைப் படிப்பதிலும் சறுக்கல் உண்டு. தாய்லாந்து நாணயத்தில் 2525 என்று இருந்தால் அது புத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 1982. நேபாளம் விக்ரம சகாப்தத்தைப் போடுகிறது. ஏறக்குறைய 57ஐக் கழிக்க வேண்டும். ஜப்பானில் அரசரின் ஆட்சியாண்டு: ஷோவா 32 என்றால் 1957, ஷோவா 41 என்றால் 1966. அரபு எழுத்து நாணயங்களில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருப்பதும் உண்டு. 1400 என்று படித்துவிட்டு அறுநூறு வருடப் பழமை என்று மகிழ்ந்துவிடக் கூடாது, அது 1979-80தான்.

வெள்ளியின் மதிப்பை நீங்களே கணக்கிடலாம்: எடையை வெள்ளி விகிதத்தால் பெருக்குங்கள். 11.66 கிராம் ரூபாயில் 91.7 சதவீதம் என்றால் 10.69 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையோடு பெருக்கினால் வருவது அடித்தள விலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் காரணம் கேளுங்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஆண்டின் அருமையும் நாணயத்தின் நிலையும் முடிவு செய்யும்.

வெள்ளி இல்லாமலும் மதிப்புள்ளவை உண்டு. பிரிட்டனின் 2009 கியூ கார்டன்ஸ் (லண்டன் தாவரவியல் பூங்கா) 50 பென்ஸ் 2,10,000 மட்டுமே அச்சானது. 2008இல் 20 பென்ஸ் வடிவம் மாறியபோது ஆண்டு பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு நகர்ந்தது. பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் சேர்ந்துவிட்டதில் எந்தப் பக்கமும் ஆண்டே இல்லாத நாணயங்கள் வெளியே போயின. தேய்ந்துபோய் ஆண்டு தெரியாதது வேறு, இது வேறு. யூரோவில் மொனாக்கோ, வாட்டிகன், சான் மரினோ, அண்டோரா முகப்புள்ளவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தனியே வையுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீணாக நம்பிக்கை தருபவையும் உண்டு. 'நியூ பென்ஸ்' என்று எழுதிய பிரிட்டிஷ் 2 பென்ஸ் அரிது என்று பரவலாகச் சொல்கிறார்கள். 1971 முதல் 1981 வரை எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. 1983 என்ற ஆண்டோடு அந்த வாசகம் இருந்தால்தான் பிழை. இந்திய நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. எந்த அக்கசாலையில் அடித்தது என்பதற்கான அடையாளம் அது; குறி இருப்பதாலேயே விலை ஏறாது. பொன் முலாம் பூசியவையும் அப்படியே. முலாம் பூசியது நாணயத்தைக் கெடுத்திருக்கிறது.

இப்போது உங்கள் இரண்டு நாணயங்கள். 1943இல் அமெரிக்க சென்ட் துத்தநாக முலாம் பூசிய எஃகில் வந்தது. செம்புத் தகட்டில் தவறுதலாக அச்சானவை மிகச் சிலவே. அதனால்தான் போலியும் ஏராளம். காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் எஃகு சென்ட்டுக்கு யாரோ செம்பு முலாம் பூசியது, அதோடு விஷயம் முடிந்தது. ஒட்டாவிட்டால் நிறுத்துப் பாருங்கள். செம்பு என்றால் 3.11 கிராமுக்கு அருகில் இருக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் 10 மடங்கு லூப்பில் கடைசி எண்ணான 3ஐப் பாருங்கள். அசல் 1943இல் அந்த 3இன் வால் மற்ற எண்களின் அடிக்கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்கும். 1948இன் 8ஐ இடப்பக்கம் செதுக்கி 3 ஆக்கியிருந்தால் வால் அப்படி இறங்காது, செதுக்கிய இடத்தில் பரப்பு கீறலாகவும் தெரியும். மூன்று சோதனையிலும் தேறினால் மட்டும் அங்கீகாரம் பெற்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அதற்கு முன் யாரிடமும் விலை பேச வேண்டாம்.

பிறை வடிவக் குறை: தகட்டிலிருந்து வில்லை (இன்னும் அச்சிடாத வட்டத் துண்டு) வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டும் கருவி விழுந்தால் வில்லையே பிறை குறைந்து பிறக்கும். பிறகுதான் அதற்கு விளிம்பு உயர்த்துகிறார்கள். குறைபட்ட பக்கத்தில் அழுத்தம் கிடைக்காததால், நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பும் சரியாக உயராமல் மங்கியிருக்கும். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். பிறைக்கு அருகிலுள்ள எழுத்துகளும் குறையை நோக்கி இழுபட்டதுபோல மெலிந்திருக்கும். எதிர்ப்பக்க விளிம்பு முழு உயரத்தில் திடமாக இருந்து, வெட்டுவாயில் அரத்தின் கோடுகளோ நசுங்கலோ தெரிந்தால் பிற்பாடு யாரோ வெட்டியது என்றே முடிவு செய்யலாம். எதிர்ப்பக்க மங்கல் எல்லா அசலிலும் தெளிவாகத் தெரியும் என்றில்லை. ஆனால் தெரிந்தால் அது வலுவான சாட்சி.

இரட்டை எழுத்திலும் இதே கவனம் வேண்டும். 1955 அமெரிக்க சென்ட் சிலவற்றில் ஆண்டும் வாசகமும் வெறும் கண்ணுக்கே இரண்டு இரண்டாகத் தெரியும். அச்சுக்கட்டையிலேயே நேர்ந்த பிழை அது. இரண்டு உருவமும் ஒரே உயரத்தில், வளைவோடு, எழுத்தின் முனைகள் பிளந்து நிற்கும். இயந்திரம் அதிர்ந்து அச்சு இழுபட்டதால் வரும் இரட்டிப்பு தட்டையாக, படிக்கட்டு போல, எழுத்தின் பருமனைத் தின்றபடி இருக்கும். மக்கள் ஆசையோடு எடுத்துவருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதற்கு விலை இல்லை.

தேய்த்துப் பளபளப்பாக்கியதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் அனுப்பிய கேள்வியில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது இதுதான். அச்சடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து வெளிப்பக்கம் பாய்ந்த நுண்கோடுகள் பரப்பில் பதிந்திருக்கும். விளக்கடியில் நாணயத்தைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம்போல் சுழல்வது அவற்றால்தான். பல்பொடி, எலுமிச்சை, புளி, உலோக பாலிஷ் எதுவாக இருந்தாலும் அந்த மெல்லிய பரப்பைத்தான் எடுத்துப்போகிறது. பதிலுக்கு ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களை விட்டுவைக்கிறது. வாங்குகிறவர் லூப்பை வைத்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். போன பரப்பைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. ஏற்கெனவே தேய்த்தவற்றைப் பதிவேட்டில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறியுங்கள்; விற்கும்போதும் மறைக்காமல் சொல்லுங்கள். வெள்ளியாக இருந்தால் உலோக மதிப்பு எங்கும் போகாது.

வெறும் மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, மென்மையான துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பசை, ஸ்டிக்கர், பி.வி.சி. (மென்பிளாஸ்டிக்) பிசுக்கு இருந்தால் சுத்த அசிட்டோன். கண்ணாடிப் பாத்திரத்தில் சில நிமிடம் ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் இன்னொரு முறை நனைத்து, தானாக உலர விடுங்கள். நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது உதவாது. வங்கிக்குப் போகும் சாதாரணக் காசை எப்படி வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளுங்கள்.

எடுத்துவைத்ததைப் பி.வி.சி. இல்லாத உறையில், ஒன்றுக்கு ஒன்று வீதம் போடுங்கள். மலிவான மென்பிளாஸ்டிக் ஆல்பத்திலிருந்து கசியும் பொருள் நாணயத்தின் மேல் பச்சைப் பிசுக்காகப் படிந்து உலோகத்தை அரிக்கும். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். அட்டை உறையைப் பின் அடித்து மூடினால் பின்னின் முனையைக் குறடால் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்து நாணயத்தைக் கீறும்.

பெட்டியில் தங்க நாணயமோ பதக்கமோ மோதிரமோ வந்தால் உடனே விற்க வேண்டாம். சில்லறையோடு தவறி விழுந்திருக்கலாம். பெட்டி இருந்த இடத்தில் அறிவிப்பு வைத்துச் சில வாரம் காத்திருங்கள். பொருளின் விவரத்தை எழுதாதீர்கள், கேட்டு வருகிறவர் சொல்லட்டும்.

விற்கும்போது, இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதே நாணயம், அதே தேய்மானம், குறைந்தது மூன்று நான்கு விற்பனைகள். வணிகர் தரும் விலை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவருக்கும் இடமும் காத்திருப்பும் செலவு. மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். தரச்சான்றுக் கட்டணமும் அஞ்சல், காப்பீட்டுச் செலவும் சேர்ந்து, நாணயத்தின் மதிப்பில் பாதியைத் தின்னும் என்றால் சான்று வேண்டாம். வாங்குவதாகச் சொல்லிவிட்டு முதலில் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று பணம் கேட்பவர் மோசடிக்காரர். இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில், தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்பவர்களைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. சட்டத்தையும் பாருங்கள்: பல நாடுகளில் புழக்கத்திலுள்ள நாணயத்தை உருக்குவது குற்றம். இந்தியாவில் 100 ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது.

மீதமாகும் சாதாரண வெளிநாட்டுக் காசை நாடு வாரியாகக் கட்டி வையுங்கள். இன்னும் செல்லுபடியாகும் காசை அந்த நாட்டுக்குப் போகிறவரிடம் முகமதிப்புக்கே மாற்றலாம். செல்லாத காசை வணிகர்கள் கிலோக் கணக்கில் வாங்குவார்கள். எடைக்குப் போடும் முன் ஜெர்மன் மார்க்கை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அந்த நாட்டு மத்திய வங்கியான புண்டஸ்பாங்க், மார்க் நாணயத்தைக் காலவரம்பின்றி யூரோவாக மாற்றித் தருகிறது.